அறுபத்தொன்றாம் எண்ணின் மச்சம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட வேண்டியது பள்ளிக்கூடம். கொல்லிமலையில் முதன்முதலாகக் கல்யாண வெப்சைட் நடத்தியவன் நான்தான். இதை மறுக்க நினைப்பவர்கள் செம்மேட்டுக்கு வந்து மறுக்கலாம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவனுக்கு மறுக்கிற தெம்பு இருக்காது என்பது என் அனுபவம்.

அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், எங்களுக்குச் சொந்த நிலம் உண்டு. நிலக்கடலை போட்டால் நிலக்கடலை வரும். அவ்வளவுதான். அதில் என் மூளைக்கு வேலை இல்லை என்று தெரிந்து மலை ஏறிவிட்டேன். அன்னாசி லாரியில் கிளீனர், அப்புறம் ஜீப் டிரைவர், அதற்கும் அப்புறம் செம்மேட்டில் எஸ்.டி.டி. பூத் முதலாளி. அந்தக் காலத்தில் அங்கே யார் வெளியூருக்குப் பேச வேண்டுமானாலும் என் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்துதான் கத்த வேண்டும். ஃபோனுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. ஜெராக்ஸுக்குப் பக்கத்தில், இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, கம்ப்யூட்டர் வந்தது. காரவள்ளியிலிருந்து மேலே வரும்வரை அதை ஜீப்பில் மடியிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நான் சாய்ந்தேன், அதைச் சாயவிடவில்லை. என் பிள்ளைகளைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததில்லை. இதைப் படித்தால் அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

கொண்டுவந்த பிறகுதான் அதை ஓட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்கா ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, ஈரோட்டில் ஒரு கம்பெனியில் சில வருடம் வெப்சைட் செய்துகொண்டிருந்தவள். அம்மாவுக்கு மூட்டுவலி முற்றியதும் வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பியிருந்தாள். வயது இருபத்தொன்பது. ஊரில் எல்லோரும் அவளைக் கம்ப்யூட்டர் அம்முணி என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"அம்முணி, இந்தப் பொட்டிய வெச்சு என்ன பண்ணலாம்?"

"என்ன வேணும்னாலும் பண்ணலாங்க மாமா. உங்களுக்கு என்ன தெரியும், அதச் சொல்லுங்க."

"எனக்கு ஆளுங்களத் தெரியும்."

"அப்பக் கல்யாணத் தரகு பண்ணுங்க."

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். கிண்டலைத் திட்டமாக எடுத்துக்கொள்வதுதான் என் வெற்றியின் ரகசியம். மூன்று மாதத்தில் வெப்சைட் தயார்.

வெப்சைட் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு நான் கொடுத்த விளக்கத்தை இன்றுவரை எந்தப் படித்தவனும் கொடுத்ததில்லை. சந்தையில் துணிக்கடைக்காரன் கயிறு கட்டிச் சட்டையைத் தொங்கவிடுகிறான் அல்லவா, அது முகப்புப் பக்கம். பிடித்த சட்டையைக் காட்டினால் கீழே மூட்டையிலிருந்து உருவித் தருகிறானே, அந்த மூட்டைதான் ஸ்டோரேஜ். மூட்டையைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது அப்லோடு. முடிந்தது. இதற்கு எதற்கு மூன்று வருடம் டிப்ளமோ?

"மூட்டை எங்க இருக்குது அம்முணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அமெரிக்காவுல ஒரு கம்ப்யூட்டர்லீங்க."

"நம்மூருப் பொண்ணுங்க படமா?"

"ஆமாங்க."

"விசா?"

"படத்துக்கு வேண்டாங்க மாமா."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தொழில் மீது மரியாதை வந்தது.

புரோகிராம் எழுதுவது அவள் வேலை. போட்டோ வாங்குவது, அதை ஸ்கேனரில் குப்புறப் போட்டுப் படம் எடுப்பது, மேலே ஏற்றுவது என் வேலை. ஆரம்பத்தில் படங்களை ஆள் பேரிலேயே சேமித்தேன். மலையில் நாலு ஆம்பளைக்கு ஒருத்தருக்குச் சாமி பேர் இருக்கும், அதுவும் ஒரே சாமி. இரண்டாவது ஆளை ஏற்றினால் அவர் முதல் ஆளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது ஆள் இரண்டு பேர் மேலும். மூன்று ஊர், மூன்று ஜாதகம், ஒரே மூஞ்சி. ஒரு பெண்ணின் அப்பா ஃபோன் பண்ணி, "ஏனுங்க, இந்தப் பையன் ஒருத்தனே மூணு பக்கமும் பொண்ணு தேடறானே, யோக்கியமானவனுங்களா?" என்று கேட்டார்.

அம்முணி தலையில் கைவைத்துக்கொண்டாள். "இனிமே பேரே வேண்டாங்க மாமா. நம்பர் மட்டும்தான்."

அதிலிருந்து எல்லோருக்கும் எண். நானும் அவளும் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஜெயில் வார்டன்கள் பேசுவது மாதிரி இருக்கும். முப்பத்திரண்டுக்கு எழுபதைப் பிடிக்கவில்லையாம், நாற்பத்தைந்துக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம்.

படம் ஒவ்வொன்றும் இரண்டு அளவில் இருக்கும். முகப்பில் வரிசையாகத் தபால்தலை அளவுக்குச் சின்னப் படம். அதை அமுக்கினால் பெரிய படம். பெரிய படம் திறக்க எங்கள் மலை லைனில் ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். அதனால் யாரும் சும்மா திறக்க மாட்டார்கள், ஆசை இருந்தால்தான் திறப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போட்டோக்கள் எனக்கு வந்து சேர்ந்தது பேளுக்குறிச்சிச் சந்தையில். அங்கே மளிகைக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் என் பழைய சிநேகிதர். மிளகாய், மல்லி வாங்க வருகிறவர்கள் போட்டோவையும் ஜாதகத்தையும் அவர் கல்லாவில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாப் படமும் சீரக வாசனையோடுதான் வரும்.

"மல்லி வாங்க வந்தவங்க மருமகளையும் வாங்கிட்டுப் போறாங்க. எடைதான் போட முடியல," என்பார் பாய்.

தொழில் நன்றாக நடந்தது. ஒரே ஒரு தொந்தரவு. பெண்களைப் பெற்ற அம்மாக்கள்.

"உலகமே பாக்கும்னு சொல்றீங்க. கண்ணு படாதுங்களா?"

நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போனால்கூடக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துத்தான் தூக்கிப்போவார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணுக்கே அப்படியென்றால் அமெரிக்காக் கண்ணுக்கு? சில அம்மாக்கள் போட்டோவிலேயே கண்மையால் பொட்டு வைத்துக் கொடுத்தார்கள். வைக்காதவர்கள் என்னை வைக்கச் சொன்னார்கள். நானும் வைத்தேன். போட்டோவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்ல படத்துல இப்பிடி அப்பி வெச்சுருக்கறீங்களே!" என்று அவர்களே சண்டைக்கு வந்தார்கள்.

ஒரு வாரம் யோசித்தேன். விஞ்ஞானிகள் எல்லாம் இப்படித்தான் யோசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொட்டைப் போட்டோவில் ஏன் வைக்க வேண்டும்? ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் என்ன?

மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் ஒரு புள்ளி வைத்தேன், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக. பாதிப் படங்கள் சேந்தமங்கலத்தில் ஒரே ஸ்டூடியோவில், ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே மாதிரி முழித்து எடுத்தவை. மீதிப் படங்களையும் அதே அளவில்தான் கேட்டு வாங்குவேன். அதனால் எந்தப் போட்டோவைப் போட்டாலும் புள்ளி சரியாக இடது தாடையில், கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே போய் உட்கார்ந்தது. போட்டோவுக்குச் சேதம் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. தாய்மார்கள் கேட்டால், "திருஷ்டிக்கு ஏற்பாடு இருக்குதுங்க," என்று மட்டும் சொல்வேன். ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் அம்முணியிடமும் சொல்லவில்லை. சின்னப் படத்தில் புள்ளி சுருங்கிக் காணாமல் போய்விடும், பெரிய படத்தைத் திறந்தால்தான் தெரியும். அவளுக்கு நூறு வேலை. பெரிய படம் திறக்க அவளுக்கு எங்கே நேரம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில்தான் தப்பு.

முகப்பில் புதிதாக வந்த படம் முதலில் நிற்க வேண்டும், பழசு பின்னால் போக வேண்டும். அப்படித்தான் அவளே எழுதியிருந்தாள். ஆனால் அறுபத்தொன்று மட்டும் போகவில்லை. நூறைத் தாண்டிய பிறகும் முதல் வரிசையில், இடது ஓரத்தில், அசையாமல் நின்றார். ராசிபுரம் பக்கம் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்ப்பவர், முப்பத்திரண்டு வயது. மூஞ்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மில்லில் வேலை செய்கிற மூஞ்சி.

"அம்முணி, இந்த அறுபத்தொண்ணு ஏன் நகர மாட்டேங்குது?"

"புரோகிராம்ல ஒரு சின்னக் கோளாறுங்க மாமா. பாக்கறேன்."

நான்கு மாதம் பார்த்தாள். கோளாறு சரியாகவில்லை. மூன்றாம் வகுப்புதான் என்றாலும் சில கோளாறுகள் எனக்குப் புரியும்.

அவள் அம்மாவோ கடைக்கு வரும்போதெல்லாம் அழாத குறை. "ஊருல இருக்கறவங்க புள்ளைங்களையெல்லாம் ஏத்தி உடறீங்க. என்ற மகள மட்டும் உட்டுட்டீங்களே, அண்ணா. இன்னும் நாலு மாசத்துல முப்பது ஆரம்பிக்குது. அப்பறம் எவன் திரும்பிப் பாப்பான்?"

மகளிடம் கேட்டால், "கடைக்காரியே கயித்துல சட்டை மாட்டிக்கிட்டுத் தொங்குவாளா மாமா?" என்று சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டு முதல் வரிசை இடது ஓரத்தை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஒருநாள் அவள் பிரிண்டர் மை வாங்க நாமக்கல்லுக்குப் போனாள். அவள் அம்மா ரகசியமாகக் கொடுத்திருந்த போட்டோவை நான் வெளியே எடுத்தேன். தெரிந்த பெண் என்பதால் ஸ்கேனரில் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வைத்து எடுத்தேன். அங்கே ஆரம்பித்தது வினை. மேலே ஏற்றினால் முக்கால் மணி நேரம் பட்டை நகர்கிறது, முடியும்போது, படம் பெரிது, முடியாது என்கிறது. இரண்டாம் தடவை பாதியில் லைன் அறுந்தது. மூன்றாம் தடவை, ஃபோனுக்கும் அதே லைன்தான் என்பதால், ஒரு ஆள் மாமியாருக்கு ஃபோன் பண்ண வேண்டுமென்று கூண்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். "மாமியார் எங்கயும் போக மாட்டாங்க, போய்ட்டு சாயங்காலம் வா," என்று துரத்திவிட்டேன். கடைசியில் அவள் சுவரில் ஒட்டிவைத்திருந்த குறிப்பைப் பார்த்துப் படத்தைச் சுருக்கினேன். ஏறிவிட்டது. எண் நூற்று நாற்பத்து நான்கு. தனியாக, யார் துணையும் இல்லாமல். அன்றைக்கு நான் ரெண்டு காபி குடித்தேன்.

பெரிய படத்தோடு அந்தப் பக்கத்தையே ஒரு தாளில் அச்சடித்து, அடுத்த சந்தை நாளில் பாயிடம் கொடுத்து, அறுபத்தொன்று வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கடுத்த சந்தையில் பாய் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"புடிச்சுப்போச்சாங்க. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க மலைக்கே வாராங்களாம்."

"பையனுக்குப் புடிச்சுதா?"

"பையனுக்கும்தான். ஆனா ரொம்பப் புடிச்சது அவங்க அப்புச்சிக்கு. அவரு மச்சம் பாக்கறவராம். படத்துல இடது தாடையில ஒரு மச்சம் இருக்குதாமே, அது லட்சத்துல ஒரு பொண்ணுக்குத்தான் இருக்குமாம். அந்த மச்சக்காரி ஊட்டுக்கு வந்தா கெணறு வத்தாதுன்னு குதிக்கறாரு கெழவரு. இத்தன வருஷம் அப்பிடி ஒரு பொண்ணத்தான் தேடிட்டிருந்தாராம்."

அந்த லட்சத்தில் ஒரு மச்சம் என் மார்க்கர் பேனாவிலிருந்து வந்தது.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பாய் சிரிப்பார், பாய் சிரித்தால் சந்தையே சிரிக்கும். தவிர, கிழவருக்குக் கண் மங்கலாக இருக்கும், நேரில் வந்தால் யார் தாடையைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

விஷயத்தை அம்முணியிடம் சொன்னபோது அவள் கத்திய கத்தலில் எஸ்.டி.டி. கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் ஃபோனை வைத்துவிட்டார்.

"யாரக் கேட்டு ஏத்துனீங்க? என்ற படம், என்ற சைட்டு! மொதல்ல அத எடுக்கறேன்." படத்தைத் திறக்கக்கூட இல்லை. பட்டியலில் நூற்று நாற்பத்து நான்கைத் தட்டினாள், நீக்கிவிட்டாள். "யாரு அந்த ஆளுங்க? வர வேண்டாம்னு சொல்லிப் போடுங்க."

"சரி கண்ணு. அறுபத்தொண்ணு வர வேண்டாம்னு பாய்கிட்ட..."

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமயா?" என்றாள். அப்புறம், "ஊட்ல காபித்தூள் நல்லதா இல்லீங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நான் கண்மை டப்பாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடைசி முயற்சி.

"அம்முணி, நல்ல நாளு. தாடையில ஒரு சின்னத் திருஷ்டிப் பொட்டு வெச்சுக்க சாமி."

"நான் என்ன பச்சப் புள்ளையா மாமா?"

அவள் அசந்த நேரத்தில் வைத்தே விட்டேன். அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். மறுபடி வைக்கப் போனேன், கரண்டியைத் தூக்கினாள். சத்துணவுக் கரண்டி, பெரியது. திரும்பிவிட்டேன்.

பத்து மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை, அவர் அம்மா, அம்மாவைப் பெற்ற அப்புச்சி, மூன்றே பேர். எழுபது வளைவும் பெரியவர் முகத்தில் எழுதியிருந்தது. ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்திருந்தார், மறு கையில் நான் அச்சடித்த தாளை நெஞ்சோடு. கண் மங்கல் என்று நினைத்தேன் அல்லவா? கண்ணாடிகூடப் போடவில்லை.

"ஏனுங்க, ரோடு போட்டவன் குடிச்சுட்டுப் போட்டானா?" என்றார் உட்காரும்போதே.

அம்முணி காபித் தட்டோடு வந்தாள். தலை குனிந்துதான் வந்தாள், ஆனால் மாப்பிள்ளைக்கு நீட்டும்போது ஒரு நொடி நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தாடையைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் தண்ணீர் ஊற்றியது மாதிரி அவள் முகம் அணைந்துபோனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு மாதம் முகப்பில் நிறுத்திவைத்த ஆள், நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார், இவளுக்கு என்ன வந்தது?

பெரியவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"சரிங்க. பொண்ணக் கூப்புடுங்க."

"இதானுங்க பொண்ணு," என்றார் அவள் அம்மா.

"இது அக்காவோ தங்கச்சியோ. நான் படத்துப் பொண்ணக் கேக்கறேன். மச்சம் இருக்கற பொண்ணு."

"எனக்கு ஒரே புள்ளைங்க."

"ஏங்க, என்னயப் பாத்தா எப்பிடித் தெரியுது? ஆள மாத்திக் காட்டறீங்களா? வாந்தியெடுத்துட்டு வந்தவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" பெரியவர் குரல் தெருவுக்குக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சத்துணவு அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், நாலு மாதத்தில் ஆரம்பிக்கும் முப்பது நின்றது. நான் உத்தரத்தைப் பார்த்தேன். நல்ல தேக்கு உத்தரம்.

அப்போதுதான் அம்முணி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆள மாத்துனது யாருங்க? நீங்கதான் மாத்திக் கூட்டிட்டு வந்துருக்கறீங்க. இவரு அவரு இல்லீங்க."

"என்ன?"

"படத்துல இருக்கறவருக்குத் தாடையில மச்சம் இருக்குது. இவருக்கு எங்கீங்க?"

மாப்பிள்ளையின் அம்மா பையைக் கீழே வைத்தார். "என்ற பையனுக்கு ஒடம்புல எங்கயுமே மச்சம் இல்ல. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"இருந்துச்சுங்க. இடது தாடையில. ஒதட்டுக்குக் கீழ."

"எந்தப் படத்துல?"

"பெரிய படத்துல," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தால்தான் திறக்கும் படம் அது. காது வரைக்கும் சிவந்துவிட்டாள்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, "எத்தன தடவை பாத்தீங்க?" என்றார்.

"சைட்டப் பாத்துக்கறது என்ற வேலைங்க," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே.

பெரியவருக்கு இந்த மாதிரி நளினங்கள் எல்லாம் பிடிபடவில்லை. "அப்ப அந்தப் படத்தைக் காட்டுங்க. இப்பவே!" என்றார்.

எல்லோரும் கடைக்கு நடந்தோம். நான் கடைசியாக, மிக மெதுவாக. சாவி கிடைக்கவில்லை என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அது என் கையிலேயே இருப்பதைச் சத்துணவு அக்கா காட்டிக் கொடுத்துவிட்டார்.

லைன் ஒரு பாட்டம் கிறீச்சிட்டுப் பிடித்தது. அம்முணி அறுபத்தொன்றை அமுக்கினாள். எங்கள் மலையில் படம் மேலிருந்து கீழே, கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் முடி வந்தது. நின்றது. நெற்றி வந்தது. "அவன் நெத்திதான்," என்றார் அவர் அம்மா. புருவம். கண். அங்கே வெகுநேரம் நின்றுவிட்டது. பெரியவர் எலுமிச்சம்பழத்தை மறந்து திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். மூக்கு. மீசை. "ஏனுங்க, மாட்டு வண்டியில வருதுங்களா?" உதடு. பிறகு, நான் வேண்டிக்கொண்ட சாமிகள் எல்லாம் கைவிட, புள்ளி.

பெரியவர் திரும்பினார். மேல்துண்டில் எச்சில் தொட்டுப் பேரனின் தாடையைத் தேய்த்தார். "எப்படா கழுவுன?"

"அப்புச்சி, எனக்கு அங்க எப்பவுமே ஒண்ணும் இல்ல."

அம்முணி அறுபத்திரண்டைத் திறந்தாள். புள்ளி. எழுபதைத் திறந்தாள். புள்ளி. தொண்ணூற்றெட்டு, அறுபது வயதில் இரண்டாம் கல்யாணத்துக்குப் பதிந்திருந்த ஒரு ரிட்டயர்டு ஆசாமி. அவருக்கும் லட்சத்தில் ஒரு மச்சம். அவள் நாற்காலியை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். எழுந்து போய் ஸ்கேனர் மூடியைத் தூக்கினாள்.

ஒப்புக்கொண்டது அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்காக என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. அந்தக் கடைக்கு ஒரே ஒரு வாசல், அதில் மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார், அகலமான மனுஷி.

"நான்தானுங்க வெச்சேன்," என்றேன். "திருஷ்டிக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே யோசனை எவ்வளவு நல்லது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் பாராட்டவில்லை.

பெரியவர் அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப மச்சம் இல்ல. லட்சத்துல ஒண்ணும் இல்ல. எந்திரிங்க, போலாம்." தாளை நாலாக மடித்தார்.

சத்துணவு அக்கா ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்முணி மானிட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நாற்பது வருடம் ஜீப், லாரி, சந்தை என்று திரிந்தவன், யார் முதுகைப் பார்த்தும் எனக்கு இப்படிச் சங்கடமானதில்லை.

மாப்பிள்ளை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ற படத்த எடுத்துருங்க," என்றார்.

அவள் தலையாட்டினாள். முகப்புக்குப் போனாள், இடது ஓரம். நான்கு மாதமாக நகராத படம். அதைத் தட்டினாள். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. அவள் கை மவுஸ் மேலேயே நின்றது.

"நாங்க இனி தொந்தரவு பண்ண மாட்டோங்க," என்றாள். "எடுத்தர்றேன்."

"எடுங்க. இனி அங்க எதுக்கு? பொண்ணுதான் பாத்தாச்சே."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அம்மா அவரைப் பார்த்தார். நான் மறுபடி உத்தரத்தைத் தேடினேன், கடையில் வெறும் சிமெண்ட் ஷீட்.

"டேய், மச்சம்டா!" என்றார் பெரியவர்.

"எனக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. சரியாப் போச்சுங்க அப்புச்சி."

பெரியவர் மகளைப் பார்த்தார், துணைக்கு. மகள், "கெணத்துல தண்ணி எறங்குனா போர் போட்டுக்கலாம்ப்பா," என்றார். வாசலை விட்டும் நகர்ந்தார், அதை நான் நன்றியோடு கவனித்தேன்.

அம்முணி பொத்தானை அமுக்கினாள். அறுபத்தொன்று போனார். அந்த இடத்துக்கு நூற்று நாற்பத்து மூன்று நகர்ந்து வந்து நின்றார். கோளாறு சரியாகிவிட்டது.

"எடுத்தாச்சா?" என்றார் பெரியவர் கடைசியாக ஒரு சந்தேகத்தோடு. "அமெரிக்காவுலயுமா?"

"அமெரிக்காவுலயும் எடுத்தாச்சுங்க அப்புச்சி," என்றாள் அவள். அப்புச்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் மடித்த தாளைத் திரும்பப் பிரித்து மடியில் நீவ ஆரம்பித்தார். காபி ஆறிப்போயிருக்கும், வீட்டுக்குப் போய் வேறு போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்பு எனக்குத் தண்டனை இருந்தது. ஸ்பிரிட்டால் கண்ணாடியைத் துடைத்து, சந்தை சந்தையாகப் போய்ப் போட்டோக்களைத் திரும்ப வாங்கி, அத்தனை பேரையும் மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றினேன். பாதிப் பேர் பொட்டு இல்லாமல் ஏற்றக்கூடாது என்று சண்டை போட்டார்கள். அந்த ரிட்டயர்டு ஆசாமி, அந்த மச்சத்தோடு தான் இளமையாக இருப்பதாக எழுதிக்கூடக் கொடுத்தார். பாய் சிரித்தார், சந்தையும் சிரித்தது. ஒரு மாதத்தில் ஓய்ந்துவிட்டது.

கல்யாணம் அடிவாரத்தில், ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டுவதற்கு முன்பு பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும். வழக்கமாகப் பெண்கள் செய்கிற வேலை. அப்புச்சி எழுந்து மேடைக்குப் போனார். யாரையும் கிட்டே விடவில்லை. மடியிலிருந்து கசங்கிய ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். நான் அச்சடித்த தாள்தான். அதைப் பார்த்துப் பார்த்து, விரலில் மை தொட்டு, அவள் இடது தாடையில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். கொஞ்சம் அழித்து அரை விரற்கடை கீழே வைத்தார். பேரனுக்கும் அதே இடத்தில் வைத்தார்.

பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும், மேடையிலிருந்தே தாளை உயர்த்திக் காட்டி, "இப்பச் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று, கண்ணைச் சுருக்கி, நன்றாகப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். "இன்னும் ஒரு நூலு எடது பக்கம் போகணுங்க."